டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்குள்ளயே டுடோரியல்: ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

காட்பாடில சின்ன டீம் எங்களோடது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி டேனரிங்களுக்கும் ஆம்பூர்ல ஜாப் ஒர்க் எடுக்குற ஷூ அப்பர் யூனிட்டுங்களுக்கும் ஸ்டாக், சலான், பில் போடுற விண்டோஸ் சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குறோம், டபிள்யூபிஎஃப்ல (விண்டோஸ் ஸ்கிரீன் செய்றதுக்கு மைக்ரோசாஃப்ட் குடுக்குற டூல்) எழுதினது. யூஸரோட ஸ்கிரீன்லயே ஒவ்வொரு ஸ்டெப்பா காட்டி சொல்லித்தரணும்னு திங்க்ஷார்ப் ஃபீச்சர்டூர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எடுத்தோம், ரொம்ப நாளா அதுதான் ஓடுது. இதே வேலைல இறங்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

செட்டப் பெரிய விஷயம் இல்ல. எந்த பட்டன், எந்த பாக்ஸ காட்டணுமோ அதுக்கு ஒரு எலிமென்ட் ஐடி (அடையாளப் பேரு) குடுக்கணும், ஸ்டெப்ல தலைப்பு, விளக்கம், அத காட்டுற சின்ன பெட்டி, அதாவது பபுள், எந்தப் பக்கம் வரணும்னு எழுதணும், அவ்ளோதான். முக்கியமானது என்னன்னா இந்த மாதிரி ஸ்டெப் ஸ்டெப்பா காட்டுற டூர இதுல ரெண்டு விதமா பண்ணலாம். ஒண்ணு யூஸர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போறது. இன்னொண்ணு அவர் அந்த வேலைய நிஜமா செஞ்சாதான் அடுத்த ஸ்டெப்புக்கு நகரும், நகர்த்துறத நம்ம கோட்லேர்ந்து சொல்லணும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தா வித்தியாசம் அப்பட்டமா தெரியுது. நெக்ஸ்ட் டூர்ல கண்ணு பபுள்ல இருக்கறதே இல்ல, கை மட்டும் அமுக்கிட்டே போவுது, முடிஞ்சதும் "சார், இப்ப இன்னா பண்றது?"னு கேக்குறாங்க. டேனரில தோல் உள்ள வரும்போது பீஸ் கணக்கு, ஃபினிஷ் ஆகி வெளிய போவும்போது சதுர அடி கணக்கு, புதுசா சேர்ந்த பையனுக்கு இந்த ரெண்டு பாக்ஸும்தான் குழப்பம். செய்ய வைக்கிற டூர்ல அவன் பீஸ் அடிச்சு, அப்புறம் மெஷரிங் சீட்டு பார்த்து சதுர அடி அடிச்சு, சேவ் குடுத்தாதான் நகரும். ஒருவாட்டி கை பழகிட்டா அப்புறம் அத பத்தி கேக்குறதே இல்ல.

ஆனா நிஜ டேட்டாவுல பழக விடவே கூடாது. பழகுறதுக்குன்னே சாஃப்ட்வேருக்குள்ள ஒரு டம்மி கம்பெனி வச்சு, அங்க டெலிட், பிரிண்ட் எல்லாம் மூடி வச்சிடணும். இது புது ஐடியாவும் இல்ல, ஐபிஎம்ல ஜான் கேரலும் கூட இருந்தவங்களும் 1984லயே வேர்ட் ப்ராசஸர் ஒண்ணுல புதுசா கத்துக்கறவங்களுக்கு அட்வான்ஸ்டு மெனுவ எல்லாம் அடைச்சு வச்சு பார்த்து, அவங்க சீக்கிரமா பழகுறாங்கன்னு காட்டிட்டாங்க. தப்பு பண்ணா மொதலாளி திட்டுவாருங்கற பயம் இல்லாம அமுக்கி பார்க்க ஒரு இடம் வேணும், நம்ம பக்கம் அந்தப் பயம் ரொம்ப ஜாஸ்தி.

அடுத்தது, எப்ப காட்டுறது. ஓப்பன் பண்ணதும் தானா கிளம்புற டூர் எனக்கு சுத்தமா பிடிக்கல. லாரி வெளிய நிக்குது, சலான் போடணும், அந்த நேரத்துல வாணியம்பாடி பாய் ஒருத்தர் ஃபோன்ல "இன்னாபா, வேல செய்ய வுடாம குறுக்க வந்து நிக்குது"ன்னாரு, அவர் சொல்றதுதான் நியாயம். ஜனங்க வேலைய முடிக்கத்தான் வர்றாங்க, படிச்சுட்டு ஆரம்பிக்க மாட்டாங்கன்னு அதே கேரலும் மேரி பெத் ராசனும் 1987லயே எழுதியிருக்காங்க. அதனால இப்ப ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் மேல "எப்படி போடணும்?"னு ஒரு பட்டன், எஃப்1 அமுக்குனாலும் அதே டூர், அந்த ஸ்கிரீனுக்கு மட்டும், சின்னதா. நடுவுல எஸ்கேப் அடிச்சா பேசாம போயிடணும்.

டெக்னிக்கலா நேரம் தின்றது பாப்அப்தான், அதாவது அந்த பபுள் வர்ற பெட்டி. டபிள்யூபிஎஃப்ல பாப்அப் தனி விண்டோ மாதிரி, மெயின் விண்டோவ இழுத்தா கூடவே வராது, நகரும்போதெல்லாம் இடத்த நாமதான் திரும்ப சொல்லணும். ஸ்கேலிங் 125, 150 சதவீதம் வச்ச லேப்டாப்ல ஒருவாட்டி, பழைய சின்ன மானிட்டர்ல ஒருவாட்டி கண்டிப்பா ஓட்டி பாருங்க. தமிழ் வரி இங்கிலீஷ விட நீளமா வரும், அகலத்த கட்டிட்டு வரிய மடிய விடுங்க. தமிழுக்கு விண்டோஸ் 8லேர்ந்து நிர்மலா யூஐ ஃபான்ட் இருக்கு, விண்டோஸ் 7 இன்னும் ஓடுற இடத்துல லதா, ரெண்டுலயும் உயரம் வேற வேற.

பராமரிப்பு செலவ யாரும் முன்னாடி சொல்றதில்ல. ஸ்கிரீன்ல ஒரு பட்டன் எடுத்தா டூர் அந்தரத்துல நிக்கும். எல்லா டூர்லயும் இருக்கற எலிமென்ட் ஐடி ஸ்கிரீன்ல நிஜமா இருக்கான்னு பார்க்க ஒரு டெஸ்ட் எழுதி, ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாடியும் ஓட விடுறோம், அது இல்லன்னா இவ்ளோ நாள் தாங்கியிருக்காது.

தினமும் பண்ற பில்லுக்கு டூரோட தேவை சீக்கிரமே தீர்ந்துடுது. அதிகமா ஓடுறது மார்ச் 31 இயர் எண்ட் க்ளோசிங், ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட், பேக்கப்லேர்ந்து ரீஸ்டோர், இந்த மூணும்தான். வருஷத்துக்கு ஒருவாட்டி பண்ற வேலைய அனுபவசாலி கணக்குப்பிள்ளையும் மறந்துதான் இருப்பாரு. புதுசா ஆரம்பிக்கறவங்க பில் ஸ்கிரீன விட்டுட்டு அங்கேர்ந்தே ஆரம்பிங்க.