இன்சுலேஷன் கல் வைத்த மின்சாரச் சூளை: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கும் மண்பாண்டம்) செய்கிறவர்களுக்குச் சூளைக் கல் பெரிய விஷயம். ஊர்க் குயவர் சூளை 800, 900 டிகிரி செல்சியஸில் வேலையை முடித்துவிடும். அதற்குச் சாதாரணச் செங்கல்லே போதும். 1971-இல் மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு இங்கே பரவிய ஸ்டோன்வேரோ 1200-க்கு மேல் சூடு கேட்கிறது.

என்னுடையது மின்சாரச் சூளை. உள்சுவர் 26-ஆம் கிரேடு இன்சுலேஷன் கல் (சூட்டை வெளியே விடாத இலேசான கல்; கிரேடு எண் பற்றிக் கீழே சொல்கிறேன்), அதற்குப் பின்னால் 23, வெளியே இரும்புத் தகடு. பல வருடமாக இதில்தான் சுடுகிறேன். பெரும்பாலும் 1220, 1230 டிகிரி.

முதலில் மின்சாரக் கணக்கு. 230-க்கு 115-க்கு 75 மி.மீ. அளவில் கனமான ஃபயர் பிரிக் (அதிகச் சூடு தாங்கும் செங்கல்) ஒன்று நான்கு கிலோவை ஒட்டி வரும். அதே அளவு இன்சுலேஷன் கல் ஒன்றரை கிலோ அளவில்தான் இருக்கும். உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். வெப்பம் வெளியே கடப்பது கனக் கல்லோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எல்லோரும் இதைச் சொல்வார்கள். விட்டு விட்டுச் சுடும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் எடை குறைவதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பானையோடு சேர்த்துச் சுவரையும் சூடாக்க வேண்டுமே, அந்தச் சூடு முழுக்க வீண்தான். சுவர் இலேசாக இருந்தால் அந்த வீண் பாதிக்கும் கீழே போய்விடும். இரவு பகலாக அணையாமல் ஓடும் தொழிற்சாலை உலைக்கு இந்தக் கணக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அடுத்து கிரேடு. 23 என்றால் 2300 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1260 செல்சியஸ். 1230-இல் சுடுபவருக்கு அது போதும் என்று கடைக்காரர் சொல்வார். போதாது. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் சி155 தரப்படி 23-ஆம் கல்லை 1230 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் 2 சதவீதம் வரை சுருங்கலாம், அதற்கு மேல் கூடாது, அவ்வளவுதான். 230 மி.மீ. கல்லில் 2 சதவீதம் என்றால் நாலரை மி.மீ.! அத்தனை இடைவெளி விழுந்த சுவர் எதற்கு ஆகும்? அதனால்தான் உள்முகத்துக்கு 26 வாங்கச் சொல்கிறேன். 23-ஐப் பின்வரிசையில் வையுங்கள், அங்கே அது அருமையான கல்.

கல்லின் குறை, அது ரஸ்க் போல மென்மை. ஹேக்ஸா பிளேடாலேயே அறுத்துவிடலாம், எலிமென்ட் (சூடேற்றும் கம்பிச் சுருள்) உட்காரும் பள்ளத்தை அரத்தால் தேய்த்தே எடுத்துவிடலாம். கட்டும்போது இது வசதி. அப்புறம் அதே மென்மைதான் தொந்தரவு. என் சூளையில் முதலில் தேய்ந்தது கதவோரக் கற்கள், பிறகு எலிமென்ட் பள்ளத்தின் உதடுகள். ஷெல்ஃப் (பானைகளை அடுக்கும் தட்டு) தாங்கும் கால்களை நேராகத் தரைக் கல்லில் நிறுத்தினால் குழி விழும். தரையில் ஒரு பழைய ஷெல்ஃபைப் போட்டு அதன்மேல் நிறுத்துவது நல்லது. அறுக்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா உண்டு, மாஸ்க் இல்லாமல் கை வைக்கவே கூடாது.

கிளேஸ் (பானையின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) சொட்டினால் நிலைமை மோசம். உருகிய கிளேஸ் துளைகளுக்குள் இறங்கி, ஒவ்வொரு சூட்டிலும் மறுபடி உருகிக் கல்லைத் தின்றுகொண்டே போகும். எலிமென்டில் பட்டால் அதன் கான்தல் (சூடு தாங்கும் உலோகக் கலவை) கம்பி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கறை பட்ட பகுதியைக் கீழே நல்ல கல் தெரியும்வரை சுரண்டி, புதுத் துண்டு பதிப்பதுதான் வழி. உப்பு, சோடா போட்டுச் சுடும் சூளைக்கு இந்தக் கல்லை உள்முகமாக வைக்கவே வேண்டாம். அங்கே கனக் கல்தான் நிற்கும்.

சூடேறி ஆறுவதில் மெல்லிய விரிசல்கள் வரும். பயப்பட வேண்டாம், சூட்டில் கல் விரிந்து அவை மூடிக்கொள்ளும். அதில் சாந்து அடைத்தால்தான் ஆபத்து, விரிய இடமில்லாமல் பக்கத்துக் கல் பிளக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் ஈரத்தைக் குடித்துவிடும். அந்த மாதங்களில் கதவைச் சற்றுத் திறந்து வைத்து, 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நன்றாகக் காயவிட்டுத்தான் மேலே ஏற்றுகிறேன். இந்தக் கல் சீக்கிரம் ஆறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 573 டிகிரியில் களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். பெரிய தட்டு, தடித்த ஜாடி சுடும்போது அந்தக் கட்டத்தை மின்சாரம் கொடுத்து மெதுவாகக் கடக்கிறேன்.

வாங்கும்போது தராசு எடுத்துப் போங்கள். ஒரு கடையில் 26 என்று தந்த கற்களில் பாதி எடையிலும் நிறத்திலும் வேறாக இருந்தன. அவை சீக்கிரமே சுருங்கி, சுவரில் விரல் நுழையும் சந்து விட்டன. பழுப்பு, சிவப்புப் புள்ளி தெரியும் கல்லையும் ஒதுக்குங்கள். அது இரும்பு, எலிமென்டுக்கு ஆகாது. கதவோரத்துக்கும் பள்ளங்களுக்கும் மாற்ற, அதே லாட்டில் கூடுதலாகக் கொஞ்சம் கல் வாங்கி ஈரம் படாத இடத்தில் அடுக்கிவிடுங்கள்.