ஃபெய்த் நோ மோர்: முதலில் 'தி ரியல் திங்'கா, 'ஏஞ்சல் டஸ்ட்'டா?

ஹார்ட் ராக்கில் ஃபங்க், ராப், மெட்டல் என்று எல்லாவற்றையும் கலந்த இந்த சான் ஃபிரான்சிஸ்கோ இசைக்குழுவை எங்கிருந்து தொடங்குவது என்று பலரும் குழம்புகிறார்கள். 'தி ரியல் திங்', 'ஏஞ்சல் டஸ்ட்' என்ற இரண்டு ஆல்பத்துக்கும் பாடகர் மைக் பாட்டன், தயாரிப்பில் மேட் வாலஸ். ஆனாலும் இரண்டும் வேறு உலகம்.

காதில் ஒட்டுவது:
ரியல் திங் (1989) – உடனே. 'எபிக்' பாட்டு 1990இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடம் வரை போனது.
ஏஞ்சல் டஸ்ட் (1992) – பொறுமை வேண்டும்.

குரல்:
ரியல் திங் – பாட்டன் குழுவில் சேர்ந்தபோது இசை பெரும்பாலும் தயாராக இருந்தது, அவர் வரிகளை எழுதிப் பாடினார். மூக்கால் பாடுவது போன்ற தொனி, சிலருக்குப் பிடிக்காது.
ஏஞ்சல் டஸ்ட் – இங்கேதான் அவர் முழுதாக வெளிப்படுகிறார். கனிவாகப் பாடுகிறார், உறுமுகிறார், அலறுகிறார், சில இடங்களில் வெறுமனே பேசுகிறார், அடுத்து என்ன வரும் என்று கணிக்கவே முடியாது.

கிட்டார்:
ரியல் திங்கில் கிட்டாரிஸ்ட் ஜிம் மார்ட்டினின் கனமான ரிஃப்தான் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) முதுகெலும்பு. ஏஞ்சல் டஸ்ட்டில் கீபோர்டும் சாம்பிளும் (வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்க்கும் ஒலி) முன்னுக்கு வந்துவிட்டன. அந்தத் திசை மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை, 1993இல் குழுவை விட்டுப் போனார்.

காலம் தாங்குவது? சந்தேகமே இல்லாமல் ஏஞ்சல் டஸ்ட். ரியல் திங்கின் ராப் பகுதிகளில் அந்தக் காலத்து வாசனை அடிக்கிறது.

சரி, மெட்டல் பழக்கம் உள்ளவர்கள் ரியல் திங்கில் தொடங்கலாம். விநோதமான இசை பிடிக்கும் என்றால் நேராக ஏஞ்சல் டஸ்ட், அதுவும் ஹெட்ஃபோனில், ஒரே மூச்சில்.