மேஜையில் மூன்று மணி நேரம், பெட்டியில் மூன்று மாதம்: மலையில் வாழும் பொம்மைப் படைக்கு எந்த பேஸ்?

கார்த்திகை முதல் வாரம். கோத்தகிரியில் பத்து நாள் விடாமல் பெய்துவிட்டு அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. பீரோவுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தேன். உள்ளே மேஜைப் போர் விளையாட்டுக்கான 48 பொம்மைகள், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள். ஏறக்குறைய 28 மி.மீ. உயர உருவங்கள், சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப் பட்டை என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவை. உருவங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு ஆறு பேராக ஒட்டியிருந்த 2 மி.மீ. எம்டிஎஃப் (செயற்கை மரம்) பலகைகள்தான் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு கிடந்தன. மேலே மண்ணுக்காகத் தூவிய தேயிலைத் தூளில் வெள்ளையாகப் பூஞ்சை. எட்டுப் பலகைகளையும் பெயர்த்து மாற்ற இரண்டு மாதம் ஆனது. ஏழு துப்பாக்கி முனைகள் ஒடிந்தன.

நாங்கள் மாதம் ஒரு முறை விளையாடினால் அதிகம். மூன்று மணி நேரம் மேஜை, மீதி நாளெல்லாம் பெட்டி. அடியில் ஒட்டும் இந்தத் தட்டை, அதாவது பேஸை, வாங்கும்போது எல்லோரும் மேஜையை நினைத்துத்தான் வாங்குகிறோம். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அது சரி. நீலகிரியில் பெட்டியை நினைத்து வாங்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கொலுப் பொம்மைக்கு அடிப்பாகம் பொம்மையோடு சேர்ந்தே வரும். போர் விளையாட்டு உருவங்களுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. உருவம் தனி, பேஸ் எனப்படும் அடித்தட்டு தனி. உருவத்தை நிற்கவைப்பது அதன் முதல் வேலை. கைபட்டு வண்ணம் உரியாமல் காப்பது இரண்டாவது. என்னோடு விளையாடும் அண்ணன் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே சொன்னார்: "தம்பி, சிப்பாயைத் தலையைப் பிடிச்சுத் தூக்காதே. காலடியைப் பிடி."

மூன்றாவது வேலைதான் பெரியது. ஒரு படைப்பிரிவு தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை பேஸ்தான் சொல்கிறது. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் தன் போர் விளையாட்டுக்கு விதி எழுதியபோது உருவங்களே கிடையாது, சின்னக் கட்டைகள்தான். வரைபடத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு பிரிவு நிற்கும் இடத்தின் அளவிலேயே அந்தக் கட்டைகள் செய்யப்பட்டன. உருவம் பின்னால் வந்த அழகு. பேஸ்தான் மூலப்பொருள் என்று எனக்குத் தோன்றும்.

வட்டமா, சதுரமா?

இதை விளையாட்டின் விதிதான் முடிவு செய்கிறது. வார்ஹேமர் 40,000 போன்ற எதிர்காலக் கற்பனைப் போர் விளையாட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓடுகிறார்கள். தூரத்தை பேஸின் விளிம்பிலிருந்து அளக்கிறோம். வட்டத்துக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்பதால் அங்கே வட்டம் பொருந்துகிறது. தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும் பழங்காலப் படைக்குச் சதுரம். முகப்பு எது, பக்கவாட்டு எது, முதுகு எது என்று சதுரம் தானாகவே சொல்லிவிடும்.

அளவு விஷயத்தில் அவசரம் வேண்டாம். 24 பேரை ஆறு வரிசை, நான்கு அடுக்காக நிறுத்துங்கள். 20 மி.மீ. சதுரத்தில் அந்தப் பிரிவு 120-க்கு 80 மி.மீ. 25 மி.மீ. சதுரத்தில் 150-க்கு 100. பேஸில் வெறும் 5 மி.மீ. கூடினால் பிரிவு அடைக்கும் இடம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. அந்த 3 செ.மீ. கூடுதல் முகப்பில் எதிரிக்கு இன்னும் ஒருவரைக் கொண்டுவந்து மோத இடம் கிடைத்துவிடும். நிறுவனங்களும் அளவை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. வார்ஹேமர் 40,000-ன் ஸ்பேஸ் மரீன் வீரர்கள் வெகுகாலம் 25 மி.மீ. வட்டத்தில் நின்றார்கள், பிறகு 32-க்கு மாறினார்கள். 2024-ல் வந்த தி ஓல்டு வேர்ல்டு என்ற விளையாட்டில் மனிதக் காலாட்படைக்கு 25 மி.மீ. சதுரம், ஆர்க் என்ற கற்பனை இனத்து வீரர்களுக்கு 30. பழைய 20 மி.மீ. படை வைத்திருந்தவர்கள் எல்லோரும் கூட்டல் கழித்தல் போட வேண்டியதாயிற்று.

அதனால் எந்த அளவு என்பதைவிட, எதிரே உட்காருபவரும் அதே அளவா என்பதுதான் முக்கியம். மேஜை விளையாட்டுக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கரின் விதிகள் ஊட்டி கிளப்பில்தான் எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டன. அதுபோல நானும் அண்ணனும் எங்கள் அளவுகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஒரு தட்டில் ஒருவரா, பலரா?

நாங்கள் இப்போது நிகழ்த்த முயல்வது 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் திப்புவும் கம்பெனிப் படையும் மோதிய சண்டையை. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பவானிசாகர் நீரும் தெரியும். அந்தச் சமவெளியில் நடந்ததுதான். இப்படிப்பட்ட சண்டைக்குத் தனித்தனி பேஸ் என்றால் ஒரு பிரிவை நகர்த்தவே கால் மணி ஆகிவிடும். பலரை ஒரே தட்டில் ஒட்டினால் ஒரு கையால் தள்ளிவிடலாம். ஆனால் உயிரிழப்பு வந்தால் ஒருவரை மட்டும் எடுக்க முடியாது. சின்னப் பகடையோ குறியோ பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இடமும் பணமும் குறைவாக இருந்தால் தயங்காமல் பலர் நிற்கும் தட்டுக்குப் போங்கள், அதிலும் 15 மி.மீ. உருவங்களுக்கு. டிபிஏ என்ற, பழங்காலப் போர்களுக்கான விதித்தொகுப்பில் ஒரு படைக்கு 12 தட்டுகள்தான். 15 மி.மீ. அளவில் எல்லாத் தட்டுக்கும் முகப்பு 40 மி.மீ. வாள்வீரர் நால்வர் நிற்க 40-க்கு 15, குதிரைப்படைக்கு 40-க்கு 30, யானைக்கு 40-க்கு 40. இரண்டடிக்கு இரண்டடி இடம் இருந்தால் போர் நடத்திவிடலாம். டீப்பாய் போதும். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் அறையில் நான் விளையாட ஆரம்பித்தது அப்படித்தான். அந்த விதியின் படைப்பட்டியல்களில் தமிழ்ப் படைக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தனி சந்தோஷம்.

28 மி.மீ. உருவங்களுக்கு என் விருப்பம் நடுவழி. உருவங்களைத் தனித்தனி பேஸில் ஒட்டி, அவற்றை ஒரு தட்டத்தில் (ட்ரேயில்) அடுக்கிக்கொள்கிறேன். தட்டத்தோடு தள்ளலாம், விழுந்தவரை எடுக்கலாம். நாளைக்கு வேறு விதிக்கு மாறினால் தட்டத்தை மட்டும் மாற்றினால் போதும், துப்பாக்கி முனை ஒடியாது. வட்டக் குழிகள் வெட்டிய தட்டம் இருந்தால் வட்ட பேஸ்களைக்கூட வரிசையில் நிறுத்திவிடலாம். அந்த 48 பேரையும் கடைசியில் இப்படித்தான் மாற்றினேன்.

எந்தப் பொருளில்?

மலையில் இருப்பவர் இந்த இடத்தில்தான் பொறுமையாக யோசிக்க வேண்டும்.

எம்டிஎஃப் மலிவு, கச்சிதமாக வெட்டக்கூடியது, சொன்ன அளவில் கிடைக்கும். லேசரில் வெட்டிய தட்டுகளைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தால் பெட்டியைத் திறக்கும்போது அழகாக இருக்கும். ஆனால் அது அமுக்கிய மரநார். தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் உப்பும். அதிகம் குடிப்பது மேற்பரப்பு இல்லை, வெட்டிய விளிம்பு. அதன் மேல் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மணல் ஒட்டினால் ஒரு பக்கம் மட்டும் நனைகிறது, பசை காயும்போது சுருங்கி இழுக்கிறது, தட்டு வளைகிறது. கீழே கடும் வெயிலில் இது சீக்கிரம் காய்ந்து பெரிதாகத் தெரியாமல் போகலாம். இங்கே மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் பசை காய்வதில்லை. எங்கள் பக்கமும் குன்னூர்ப் பக்கமும் ஐப்பசி, கார்த்திகையில் ஊறும். கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடியில். உங்கள் ஊரின் மழை மாதத்தைப் பார்த்து, அந்த மாதத்தில் மட்டும் எம்டிஎஃப் வேலையைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் 3 மி.மீ. வாங்குங்கள். மேல், கீழ், விளிம்பு மூன்றுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்துக் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக அடிப்பது முக்கியம். ஏற்கெனவே வளைந்திருந்தால், உருவம் ஒட்டாத அடிப்பக்கத்தை லேசாக நனைத்து, ஓரங்களில் கிளிப் போட்டு ஒரு தட்டையான பலகையோடு இறுக்கிக் காயவைத்தால் ஓரளவு நிமிரும்.

இதற்கு நேர் போட்டி அக்ரிலிக். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. எம்டிஎஃப் வெட்டும் அதே கடையில், அதே வரைபடத்தைக் கொடுத்து, 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டச் சொன்னால் போதும். ஈரம் ஏறாது, வளையாது, எம்டிஎஃப்பைவிடக் கனம் என்பதால் உருவமும் நன்றாக நிற்கும். விலை கூடுதல்தான். மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். கண்ணாடி மாதிரி அப்படியே விட்டு, மேஜைத் தரை தெரியவைக்கும் ஆசை இருந்தால் ஃபெவிக்விக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டுச் சுற்றிலும் வெண்மூட்டம் படிந்துவிடும். எபாக்சி பசை அந்த வேலைக்குச் சரி. பலர் நிற்கும் தட்டுகளுக்கு நான் முழுமையாக அக்ரிலிக்குக்கு மாறிவிட்டேன். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது; இன்றும் கண்ணாடி மேஜையில் வைத்தால் ஒரு மூலை ஆடுவதில்லை.

தனி உருவத்துக்கு பிளாஸ்டிக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் உருவத்தை அதற்கான பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசையால் ஒட்டினால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். ஓரம் சரிவாக இருப்பதால் விரலுக்குப் பிடிப்பு. அடியில் குழிவாக இருப்பதால் காந்தம் வைக்கலாம், கனம் சேர்க்கலாம். குறை ஒன்றே, எடை போதாது. கையை நீட்டி நிற்கும் ஈய உருவம் சாய்ந்துவிடும். குழிக்குள் ஒரு வாஷரை எம்சீலில் பதித்தால் அந்தக் குறையும் தீர்ந்தது.

வாஷரையே பேஸாக வைப்பவர்களும் உண்டு. ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. போல்ட்டுக்கான வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் ஏறக்குறைய 24 மி.மீ. இருக்கும். கனமானது, மெல்லியது, காந்தத்தில் ஒட்டும். ஆனால் தண்ணீர் கலந்த பசையும் இரும்பும் இந்த ஊர்ச் சாரலும் சேர்ந்தால் துரு. மணலுக்கு அடியிலிருந்து காவிக் கறை மேலே வரும். முதலில் இனாமல் பெயிண்ட் ஒரு கை அடித்தால்தான் தாங்கும். நாணயம் ஒட்டும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். 2011 வரிசை இரண்டு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு, சரியாக 25 மி.மீ. இருந்தாலும் புழங்கும் காசின் மேல் பசை தடவ எனக்கு மனம் வருவதில்லை.

பெட்டியும் காந்தமும்

அட்டைப்பெட்டியை விட்டொழியுங்கள். அது ஈரத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். பழைய பிஸ்கட் டின் அல்லது சிறிய டிரங்குப் பெட்டி நல்லது. பேஸின் அடியில் காந்தத் தாள் ஒட்டினால் உருவங்கள் டின்னின் தரையில் நின்றுகொள்ளும். மேட்டுப்பாளையம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் என் மைசூர்ப் படை அப்படித்தான் கடந்தது, ஒருவர்கூடச் சாயவில்லை. கனமான ஈயக் குதிரைக்குத் தாள் பற்றாது, நியோடிமியம் காந்தம் வேண்டும். அதன் பூச்சு கீறினால் அதுவும் துருப்பிடிக்கும். மேலே ஒரு சொட்டு பசை விட்டு மூடிவிடுங்கள். டின்னுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

அலங்காரத்துக்கு வருவோம். வீட்டில் வடிகட்டிய தேயிலைத் தூளைப் போல உதிர்ந்த சருகுத் தரை காட்டும் பொருள் வேறில்லை. அதை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் இப்போது வாணலியில் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் வறுத்து எடுத்த பிறகுதான் தொடுகிறேன். மேலே மேட் வார்னிஷ் பூசி அடைத்துவிடுகிறேன். ஸ்பிரே வேண்டாம், தூரிகை போதும். மூடுபனி நாளில் ஸ்பிரே அடித்தால் வெண்மூட்டமாகிவிடும். மணலையும் அதே வாணலியில் வறுக்கலாம். சோலைக்காட்டுப் பாசியை மட்டும் எடுக்காதீர்கள். காய்ந்தால் பொடியாகும் என்பது இருக்கட்டும், அது அங்கே படர எத்தனை மழை ஆகியிருக்கும்! விளிம்புக்கு நம் தேயிலைச் சரிவின் செம்மண் நிறம் பூசுகிறேன். புல்லுக்குக் கரும்பச்சையைவிட, தை மாதம் பனி விழுந்த பிறகு நம் புல்வெளி மாறும் அந்த வெளிர் மஞ்சள்தான் கண்ணுக்கு உண்மையாக இருக்கிறது.

மிச்சம் இருப்பது யானை. 28 மி.மீ. அளவில் ஈயத்தில் வார்த்தது, அம்பாரியோடு உள்ளங்கை நிறைய இருக்கிறது. 60-க்கு 60 அக்ரிலிக்கில் நிறுத்தலாம் என்கிறேன் நான். தந்தம் தட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் பக்கத்துத் தட்டு ஒட்டி நிற்காது, 60-க்கு 80 வை என்கிறார் அண்ணன். இரண்டு அளவிலும் அட்டையில் வெட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் யானையை இரண்டிலும் நிறுத்திப் பார்க்கப் போகிறோம்.