வன்னியின் பழைய சந்தைகள்: எந்த வழியால் மீட்டுக் காட்டுவது?

போர் முடிந்தபின் ஏ9 வீதியால் வந்த பயணிகளுக்குக் கிளிநொச்சியில் காட்சிப்பொருளாக்கப்பட்டது, வீழ்ந்துகிடந்த நீர்த்தாங்கி. அதே மண்ணில் நெல்லும் கருவாடும் பனங்கட்டியும் பாலைப்பழமும் கைமாறிய சந்தைகளை, கண்முன் உள்ள இடத்தின்மேல் கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும் மிகைமெய் (ஏ.ஆர்.) நுட்பத்தால் காட்டலாம் என்ற யோசனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

தலையில் அணியும் கருவிகளை முதலிலேயே விலக்கிவிடலாம். 2019இல் 3,500 அமெரிக்க டொலர் விலையில் வந்த ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தியை மைக்ரோசொஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. வன்னியின் உச்சிவெயிலில் அத்தகைய கருவிகளின் உருவங்கள் மங்கியும் போகும்.

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸை நம்பும் வழி மலிவானது, பலகையோ கம்பமோ நடத் தேவையில்லை. ஆனால் திறந்த வெளியிலேயே அது ஏறக்குறைய 5 மீற்றர் பிசகக்கூடும் என்பதால், மீன்காரரின் கொட்டில் மரக்கறிக் கடைக்குள் போய் நிற்கும். வீதிப் படங்களோடு ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாக அறியும் வசதியைக் கூகிள் 2022இல் வெளியிட்டது உண்மைதான்; எனினும் அடையாளம் காணக் கட்டடங்களே இல்லாத வெறும் வளவில் அது பெரிதாக உதவாது.

என் தெரிவு, சந்தை இருந்த இடத்தில் ஓவியப் பலகைகளை நடுவது. கமெரா அந்த ஓவியத்தையே பிடிமானமாகக் கொள்வதால் உருவங்கள் உரிய இடத்தில் நிற்கும். உலாவியிலேயே இயங்குமாறு செய்தால் செயலி இறக்கவும் வேண்டாம். வெயிலில் நிறம் வெளிறும் பலகையைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இவற்றிலும் கடினமானது, எந்த ஆண்டின் சந்தையைக் காட்டுவது என்பது. 2002இல் ஏ9 திறந்தபின் பெருகிய வியாபாரமா, அதற்கு முந்தைய வண்டில் காலமா, 2009இல் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்த தெருவோர விற்பனையா? இடப்பெயர்வில் குடும்பப் படங்கள்கூடத் தொலைந்துபோன மண்ணில் இதற்கு விடைசொல்லக்கூடியவர்கள், அங்கே தராசு பிடித்த முதியவர்களே. ஆகவே முப்பரிமாண உருவங்களுக்குச் செலவழிக்குமுன் அவர்களுடைய குரல்களைப் பதிவுசெய்ய வேண்டும். பலகையைக் கமெரா கண்டதும் முதலில் ஒலிக்க வேண்டியது அந்தக் குரல்தான். பலகைகளையும் இன்றைய சந்தைக்கு அருகிலேயே நட்டால், பார்த்தவர் அடுத்த எட்டில் அங்குள்ள அம்மாவிடம் ஒடியலோ கருவாடோ வாங்கிக்கொண்டு போவார்.