வல்கன்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

வெளிநாட்டுக் காசில் யாழ்ப்பாணத்தில் எழும்புகிற வீடுகளை மூன்று இடத்தில் இருந்து பார்ப்பார்கள். மகன் ரொறன்ரோவில் ஐபோனில், தகப்பன் கோண்டாவிலில் மலிவு அன்ட்ரொயிட் போனில், பிளான் கீறுகிறவர் திருநெல்வேலியில் விண்டோஸ் கணினியில். மூன்றிலும் ஒரே வீடு ஒரே வெயிலோடு தெரிய வேண்டும். கட்ட முதலே வீட்டுக்குள் நடந்து பார்க்கிற அப் ஒன்றை 2019இல் இருந்து எழுதி வருகிறேன். அதன் அடித்தளம் வல்கன்: அப் ஒன்று கிராபிக்ஸ் சிப்போடு (ஜிபியு) பேசிப் படம் கீறுவிக்கிற ஏபிஐ, அதாவது கட்டளைத் தொகுதி.

இதே வேலைக்கான பழைய ஏபிஐ ஓப்பன்ஜிஎல் 1992இல் வந்தது. இன்னும் ஓடும். ஆனால் 4.6க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை, அப்பிள் 2018இலேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸோடும் எக்ஸ்பொக்ஸோடும் நின்றுவிடும், மெற்றல் அப்பிளோடு நின்றுவிடும். எனக்கு மிஞ்சியது வல்கன்தான். ஏஎம்டியின் மான்டில் என்ற ஏபிஐயை அடியாக வைத்து கிராபிக்ஸ் தரங்களை வகுக்கிற க்ரோனோஸ் குழுமம் 2016 பெப்ரவரியில் வெளியிட்டது.

ஒரு முக்கோணம் கீறுவதற்கு ஆயிரம் வரிக்குக் கிட்ட எழுத வேண்டும் என்று பயப்படுத்துவார்கள். உண்மைதான். ஆனால் அந்த வரிகளை ஒருக்கால் எழுதினால் முடிந்தது, பேந்து தொடத் தேவையில்லை. நாள்தோறும் தலையைத் தின்பது வேறொன்று: எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை தொடங்க வேண்டும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

வெயிலின் நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சூரியன் நிற்கிற இடத்தில் இருந்து வீட்டைப் பார்த்து, ஆழத்தை ஒரு படத்தில் பதிவோம். அடுத்து வீட்டைக் கீறும்போது அந்தப் படத்தை வாசித்து, எங்கே நிழல் என்று பார்ப்போம். ஓப்பன்ஜிஎல்லில் முதல் வேலை முடியும்வரை டிரைவர் (ஜிபியுவை இயக்குகிற மென்பொருள்) தானாகக் காத்திருக்கும். வல்கனில் இரண்டுக்கும் நடுவில் பேரியர் என்ற தடுப்பைப் போட வேண்டும்: இந்தக் கட்டத்தின் எழுத்து முடிந்த பிறகே அந்தக் கட்டத்தின் வாசிப்பு, படத்தின் லேயவுட் (நினைவகத்தில் அடுக்கி இருக்கிற விதம்) இதில் இருந்து அதற்கு. விடுபட்டாலும் மேசைக் கணினியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, நிழல் வடிவாக விழும். அதே அப்பை மாலி ஜிபியு உள்ள போனில் போட்டால் நிழல் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கலாம். போன் ஜிபியுக்கள் திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கீறுகின்றன, ஒரு பாஸின் (ஒரு சுற்றுக் கீறலின்) பிக்சல் வேலை முடிய முதலே அடுத்த பாஸை ஆரம்பித்துவிடும்.

வல்கனோடு வருகிற பிழை பார்ப்பான், வலிடேஷன் லேயர், இதைப் பிடிக்கும் என்று நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு விசயம்: ஒத்திசைவுச் சோதனை சும்மா ஓடாது, தனியாக இயக்கிவிட வேண்டும். அதை இயக்காமல் வல்கன் எழுதுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 2022 ஜனவரியில் வந்த 1.3 பதிப்பு இந்த வேலையைக் கனக்க இலகுவாக்கியது. பேரியரின் புது வடிவம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. டைனமிக் ரெண்டரிங் வந்ததால் ரெண்டர் பாஸ், ஃபிரேம் பஃபர் என்ற இரண்டு சுமையையும் இறக்கி வைக்கலாம். இப்போது படிக்கத் தொடங்குகிறவர் நேரே 1.3இல் தொடங்கட்டும், பழைய பாடங்களைத் தேடிப் போக வேண்டாம்.

போன் சூடாகிற பிரச்சினைக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கத்தில் என்ன செய்வது, முடிவில் சேமிப்பதா வீசுவதா என்று கேட்கிறது வல்கன். ஆழப் படத்தைச் சேமிக்க வேண்டாம் என்றால், போன் அதை நினைவகத்துக்கு எழுதாமலே விட்டுவிடும், சூடும் குறையும். போனுக்கான ஓப்பன்ஜிஎல் ஈஎஸ்ஸிலும் இதற்கு வழி இருந்தது, ஆனால் தெரிந்தவர் மட்டும் செய்தார்கள். இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. சித்திரை வெயிலில் முற்றத்தில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு இது சின்ன விசயம் இல்லை.

எல்லாத் தளத்திலும் ஓடும் என்ற பேச்சுக்கு வருவோம். அன்ட்ரொயிட் 7.0இல் இருந்து வல்கன் உண்டு என்பது தாளில் சரி. ஆனால் மலிவுப் போனில் கடையில் வாங்கியபோது இருந்த டிரைவர்தான் கடைசிவரைக்கும். ஒரு போனில் நிழல் ஷேடரின் (ஜிபியுவில் ஓடுகிற சிறு நிரலின்) பைப்லைனைக் கட்டும்போதே டிரைவர் விழுந்தது. அந்த மாதிரிக்கு மட்டும் எளிய ஷேடர் ஒன்று வைத்திருக்கிறேன். கணினிக்குப் பிசி (BC) வகைத் தெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) சுருக்கம், போனுக்கு ஏஎஸ்டிசி, இரண்டையும் பொதி செய்ய வேண்டும். புஷ் கொன்ஸ்டன்ட் (ஷேடருக்கு நேரே கொடுக்கிற சிறு தரவு) 128 பைட்டுக்கு மேல் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ண முடியாது (1.4 அதை 256 ஆக்கியது, ஆனால் 1.4 உள்ள போனை எங்கள் வாடிக்கையாளர் கையில் தேட வேண்டும்). ஒவ்வொரு கருவியிடமும் உன்னால் என்ன முடியும் என்று கேட்டு, பதிலுக்கு ஏற்றபடி பாதையைப் பிரிப்பது உங்கள் பொறுப்பு.

ஐபோனுக்கும் மக்குக்கும் மோல்ட்டன்விகே என்ற நூலகம் வல்கன் அழைப்புகளை மெற்றலாக மாற்றித் தருகிறது. ஜியோமெற்றி ஷேடர் இல்லை, மற்றப்படி என் தேவைக்குக் குறையில்லை. ரெண்டர்டொக் மட்டும் மக்கில் இல்லாததால், அங்கே பிழை பிடிக்க எக்ஸ்கோடின் கருவியிடம் போக வேண்டும். ஷேடரை ஸ்பிர்-வி என்ற இடைநிலை வடிவமாக ஒருக்கால் தொகுத்துக் கொடுப்பது பெரிய நிம்மதி. ஒவ்வொரு டிரைவரும் ஜிஎல்எஸ்எல் என்ற ஷேடர் மொழியைத் தன் பாட்டுக்கு வாசித்துச் சண்டை பிடித்த காலம் போய்விட்டது.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனபோது, ரூபாயும் விழுந்ததில், கிராபிக்ஸ் கார்ட் வாங்குகிற கதையையே விட்டேன். இன்டெல் உள்கட்டிய ஜிபியு உள்ள பழைய லப்டொப், லினக்ஸ், மெசா என்ற திறந்த மூல டிரைவர். அதுவே போதுமாக இருந்தது. மெசாவில் லாவாபைப் என்றொன்றும் இருக்கிறது, ஜிபியு இல்லாமல் சிபியுவிலேயே வல்கனை ஓட்டும். ஆமை வேகம்தான். ஆனால் பரிசோதனைப் படங்களை ஒப்பிட அது போதும்.

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார், "அண்ணை, நேரே வல்கனுக்கு வரலாமோ?" கிராபிக்ஸ் என்னவென்று தெரியத்தான் ஆசை என்றால் வேண்டாம், வெப்ஜிபியு எடுங்கள் என்றேன். 2023இல் குரோம் 113ஓடு வந்தது, பேரியர் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், பிரவுசருக்கு வெளியிலும் டோன், டபிள்யூஜிபியு நூலகங்களால் ஓடும். போனின் சூட்டையும் நினைவகத்தையும் கையால் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை என்றால் வல்கன். அப்படி வருகிறவர் நினைவக ஒதுக்கீட்டைத் தானே எழுதப் போகாமல் ஏஎம்டியின் விஎம்ஏ நூலகத்தை எடுக்கட்டும். ஒரே நேரத்தில் 4096 ஒதுக்கீடுகளுக்கு மேல் உத்தரவாதம் இல்லை, வீட்டுக் கதவு யன்னலுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கினால் அந்த எண் வெகு கெதியில் வந்துவிடும்.