ஹேர்பிஸ் பயத்துக்கு எங்கே போவது: மட்டக்களப்பு, அம்பாறை பாலியல் நோய் கிளினிக்குகள்

வாய்வழி உறவு முடிந்து மூன்றாம் நாள் கீழே எரிவு தெரிந்தால், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் ஓடுவது தனியார் ஆய்வுகூடத்துக்கு. ‘ஹேர்பிஸ் டெஸ்ட்’ என்று கேட்டு இரத்தம் கொடுப்பார்கள். ஹேர்பிஸ் என்பது வாயிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் கொண்டுவரும் வைரஸ்; வகை 1, வகை 2 என்று இரண்டு உண்டு. அந்தக் காசு வீண். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறை பொது வைத்தியசாலையிலும் இருக்கும் பாலியல் நோய் கிளினிக்குகள் ஒரு சதமும் வாங்காமல் இதைவிடச் சரியாகப் பார்க்கின்றன.

அந்த இரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. அது தெரியும் அளவுக்கு வளர 12 முதல் 16 வாரம்வரை ஆகலாம். ஆகவே மூன்றாம் நாள் வரும் ‘நெகட்டிவ்’வை நம்பி நிம்மதியடைய முடியாது. அந்தப் பிறபொருளெதிரியில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு வகையைப் பார்ப்பார்கள். ஐஜிஎம் இன்னும் மோசம்: பழைய தொற்று திரும்பக் கிளம்பினாலும் பொசிட்டிவ் காட்டும், வேறு வைரஸோடும் குழம்பும். ஐஜிஜியில் வகை 1 பொசிட்டிவ் வந்தால் அது சின்ன வயதில் வீட்டார் கொஞ்சியபோது தொற்றியதாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டோரில் 64 வீதம் பேரிடம் வகை 1 இருந்தது. முடிவுத் தாளில் வகை 2க்கான சுட்டெண் 1.1க்கும் 3.5க்கும் இடையில் நின்றால் பொய்ப் பொசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத ஒரு தாளை வைத்துக்கொண்டு மனிசியையோ புருசனையோ குற்றம் சாட்டுவது பெரிய அநியாயம்.

கிளினிக்குக்குப் போகக் கடிதம் எதுவும் தேவையில்லை. ஊர்க் கட்டுப்பாடும் கிடையாது. காத்தான்குடியில் இருப்பவர் தெரிந்த முகத்துக்குப் பயந்தால் அம்பாறைக்குப் போகலாம். அங்கே இலக்கத்தைக் கொண்டே பதிவார்கள், விபரம் வெளியே போகாது. ஒன்று மட்டும்: அம்பாறை நகரில் சிங்களமே அதிகம் புழங்கும். சிங்களம் தெரியாதவர் அறிகுறி தொடங்கிய திகதியையும் குடிக்கும் மருந்துகளையும் எழுதி எடுத்துப் போனால் பேச்சு இலகு.

எப்போது போவது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உறவுக்குப் பிறகு 2 முதல் 12 நாளுக்குள்தான் பொதுவாகக் கொப்புளம் கிளம்பும்: சிவந்த தோலில் கொத்தாகச் சின்ன நீர்க்குமிழ்கள், பிறகு உடைந்து நோகும் புண், அரையில் நெறி கட்டுதல், சிலவேளை காய்ச்சல். கண்ட அன்றே போங்கள், 48 மணித்தியாலத்தைத் தாண்ட விடாதீர்கள். குமிழைக் குத்தவேண்டாம், கிறீமோ மஞ்சளோ வேப்பிலையோ பூசவேண்டாம். வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதென்றால் புதுப் புண்ணின் அடியைப் பஞ்சுக் குச்சியால் அழுத்தி உரசவேண்டும். காய்ந்த பொருக்கில் எடுத்தால் ஹேர்பிஸ் இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

பார்வைக்கே தெளிவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்குவதே சரி. முதல் தடவைக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் முதலிலேயே சொல்லவேண்டும், அளவு மாறும். பாமசியில் தானாகக் கேட்டு வாங்கும் அசைக்ளோவிர் கிறீமால் கீழே வரும் புண்ணுக்குப் பெரிய பலனில்லை. ஸ்டீரோயிட் கலந்த ‘எல்லாத்துக்கும்’ கிறீம் புண்ணைப் பரப்பிவிடும். சலம் போகும்போது எரிந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். சலமே போகாவிட்டால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் புண் வந்தால் அன்றே காட்டவேண்டும், குழந்தைக்கு ஆபத்து.

புண் எதுவுமில்லாமல் பயத்தோடு மட்டும் போனால் வைத்தியர் ஹேர்பிஸ் இரத்தப் பரிசோதனை எழுதமாட்டார். ‘ஒண்டும் செய்யேல்ல’ என்று பலர் கோபப்படுகிறார்கள். அது கவனக்குறைவல்ல, சரியான வைத்தியம். சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் அங்கே இரத்தம் எடுப்பார்கள், மூன்றாம் மாதம் திரும்ப வரச் சொல்வார்கள். போகவேண்டும். வாய்வழி உறவு என்பதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும்: தொண்டையில் இருக்கும் கொனோரியா சலப் பரிசோதனையில் தெரியாது, தொண்டையிலேயே மாதிரி எடுக்கவேண்டும். வெட்கத்தில் மறைத்தால் அந்தப் பரிசோதனை நடக்காது.

குறை உண்டு. சனி, ஞாயிறு, போயா என்றால் கிளினிக் பூட்டியிருக்கலாம். வெள்ளி பின்னேரம் கிளம்பிய குமிழ் திங்களுக்குள் உடைந்துவிடும். அப்படி நேர்ந்தால் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், வலி கூடினால் வெளிநோயாளர் பிரிவில் காட்டி மருந்தைத் தொடங்குங்கள், திங்கள் கிளினிக்குக்குப் போங்கள்.

வாயிலிருந்து கீழே தொற்றுவது பெரும்பாலும் வகை 1. ‘பூச்சி பட்டது’ என்று நாங்கள் விட்டுவிடும் உதட்டுக் கொப்புளம்தான் அது. கொப்புளம் இல்லாத நாளிலும் தொற்றலாம், ஆனால் இருக்கும் நாளில் மிக இலகு. உதட்டில் குறுகுறுப்புத் தொடங்கியது முதல் பொருக்கு விழுந்து தோல் மூடும்வரை வாய்வழி உறவை நிறுத்தவேண்டும். கீழே வந்த வகை 1 வகை 2ஐப் போல அடிக்கடி திரும்பாது; பலருக்கு வருசத்துக்கு ஒருமுறைகூட வராது. கிளினிக்கில் அந்த வகை எதுவென்று கேட்டு, சொன்னதைக் குறித்து வாருங்கள்.