பழைய கட்டடம் பார்க்க நடை: ஊட்டியா, கொடைக்கானலா?

ஒரு காலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது, பழைய கட்டடங்களை நடந்தே பார்க்க வேண்டும் என்றால் ஊட்டிக்குப் போங்கள் என்பேன். கொடைக்கானல் எனக்குப் பிடிக்காத ஊர் இல்லை. இரண்டும் உருவான விதம் வேறு. ஊட்டி, சென்னை மாகாண அரசே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஊர். அதனால் சர்ச், கோர்ட், கலெக்டர் ஆபீஸ், நூலகம் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே எழும்பின. கொடைக்கானலில் 1845-ல் முதலில் வீடு கட்டியவர்கள், கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி மதுரையிலிருந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிகள். அங்கே பழையவை பெரும்பாலும் பங்களாக்கள். மரங்களுக்குள், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஊட்டி நடையை செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சில் தொடங்குங்கள். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் கனத்த உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரங்கள். ஊட்டிக்கு மலை ரயில் வந்ததே 1908-ல்தான். அதற்கு எத்தனையோ வருடம் முன்னால் இவ்வளவு பாரத்தை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று ஒவ்வொரு முறையும் மலைத்துப்போகிறேன். பின்புறச் சரிவில் கல்லறைத் தோட்டம். இந்த ஊரை உண்டாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பாசி பிடித்த கல்லெழுத்துகளை நின்று படிக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் சிவப்புச் செங்கல்லில் நீலகிரி நூலகம். வடிவமைத்தவர் ராபர்ட் சிஸம், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள். அப்புறம், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்றால் ஸ்டோன் ஹவுஸ் மேட்டுக்கு ஏறுங்கள். சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய வீடு. மலைமக்கள் வாயில் அது 'கல் பங்களா'. இப்போது அரசு கலைக் கல்லூரி இருக்கும் இடம். சேரிங் கிராஸ் நீரூற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், வண்டி நெரிசலில் அதை நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள்.

கொடைக்கானலில் சலேத் மாதா கோவில் 1866-ஐச் சேர்ந்தது, அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் ஏரி, சர்ச், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் தூரம் அதிகம். மூட்டுவலியோடு வந்த என் பெரியம்மா பாதியிலேயே ஆட்டோ கேட்டுவிட்டார். அங்கே கட்டடத்தைவிடப் பாதைதான் பெரிது. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் இன்றும் நடக்கிறோமே, அதுவே பழைய சின்னம்தான். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிட்டால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.